இடுப்புயரத்தில் ஒரு மூட்டை

(அகளி அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒரு காரியத்தில் முழுமூச்சாக இறங்கியவரைப் பற்றி ‘வரிந்துகட்டிக்கொண்டு வந்துவிட்டார்’ என்று சொல்வது தமிழ் வழக்கு. மேடையில் அது வெறும் பேச்சு. கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்து அட்டப்பாடியில், கூளிக்கடவில் லாரியை ஒட்டி நிற்கும் சுமைத்தொழிலாளிக்கு அது அன்றாடச் செய்கை. முதல் மூட்டையில் கைவைக்கும் முன் அவர் தோள்துண்டை எடுத்து உதறுகிறார். மூச்சை இழுத்துப் பிடித்து இடுப்பைச் சுற்றி இறுக்குகிறார். இன்னொரு துண்டு சுருண்டு தலையில் சும்மாடாகிறது. ஒன்று கழுத்துக்கு, மற்றது முதுகுக்கு. அணியும் முதுகுத் துணைக்கருவி என்று பெயரிட்டு, ஆய்வுக்கூடங்களில் சோதித்து, பெருவிலைக்கு இன்று விற்கப்படும் பொருளுக்கு அந்த இடுப்புத் துண்டுதான் முன்னோடி.

அந்தத் துண்டு முதுகை உண்மையிலேயே காக்கிறதா, அதன் இடத்தைப் பிடிக்க வரும் கருவிகள் காக்குமா என்பதுதான் இந்த உரையின் பொருள். 2020இல் உலகில் ஏறத்தாழ 61.9 கோடிப் பேர் இடுப்புவலியோடு இருந்தார்கள் என்றும், 2050இல் அந்த எண்ணிக்கை 84 கோடியைத் தாண்டும் என்றும் உலக நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிடுகிறது. எனவே இது அட்டப்பாடிக்கு மட்டும் உரிய கவலை அல்ல. ஆனால் அட்டப்பாடியில் நின்றுகொண்டு பார்க்கும்போது சில விஷயங்கள் தெளிவாகத் தெரிகின்றன.

முதலில் பெல்ட்டின் கதை. இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று மருந்துக்கடைக்குப் போகிறவர் எல்.எஸ். பெல்ட் ஒன்றோடு வீடு திரும்புவது எங்கும் நடப்பது. உள்ளே தகடும் வெளியே ஒட்டுப்பட்டையும் வைத்த அந்தப் பெல்ட், துண்டின் அடுத்த தலைமுறை. வயிற்றை இறுக்கினால் உள்ளே அழுத்தம் கூடும், காற்றடைத்த பந்துபோல அது முதுகெலும்பை முன்பக்கமிருந்து தாங்கும் என்பது அதன் பின்னுள்ள நம்பிக்கை. அமெரிக்கக் கிடங்குகளிலும் பெருங்கடைகளிலும் 1990களில் இது ஏறக்குறைய சீருடையின் ஒரு பகுதியாகவே ஆனது. அந்நாட்டுத் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் 1994இல் கிடைத்த சான்றுகளையெல்லாம் அலசிவிட்டு, காயமில்லாத தொழிலாளி பெல்ட் கட்டுவதால் காயம் தவிர்க்கப்படும் என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்று அறிவித்தது.

விவாதம் அதோடு ஓயவில்லை. 1996இல் கலிபோர்னியாவில் ஹோம் டிப்போ கடைகளின் 36,000 தொழிலாளர்களை வைத்து வெளிவந்த ஆய்வு, பெல்ட்டைக் கட்டாயமாக்கிய பிறகு இடுப்புக் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன என்றது. பெல்ட் விற்பவர்கள் மகிழ்ந்தார்கள். 2000ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வு 160 கடைகளில் 9,377 பேரைப் பின்தொடர்ந்தது. தினமும் பெல்ட் அணிந்தவருக்கும் அணியாதவருக்கும் இடையே முதுகுவலியிலோ காயத்திலோ வேறுபாடு எதையும் அது காணவில்லை.

இரண்டில் எது சரி? இரண்டாவதை நம்புவதே அறிவு. ஒரு நிறுவனம் பெல்ட்டைக் கட்டாயமாக்கும் காலத்தில் சும்மா இருப்பதில்லை. பயிற்சி தரும், மேற்பார்வையைக் கூட்டும், தள்ளுவண்டி வாங்கும். குறைந்த காயத்தில் பெல்ட்டின் பங்கு எது, தள்ளுவண்டியின் பங்கு எது என்று பிரிப்பது கடினம்.

பெல்ட் ஏன் பெரிதாக உதவவில்லை என்பது புரிய, முதுகுக்குள் நடக்கும் கணக்கைப் பார்க்க வேண்டும். சந்தையில் முன்பு புழங்கிய வெள்ளிக்கோல் பலருக்கு நினைவிருக்கும். ஒரு நீளக் கோல், அதில் ஒரு பிடிகயிறு. பிடிக்கு ஒரு பக்கம் கை குட்டை, மறுபக்கம் கை நெட்டை. குட்டைப் பக்கம் பெரிய சுமை தொங்கும். நெட்டைப் பக்கம் சிறு எடை அதைச் சமன் செய்யும். மனித முதுகு ஒரு வெள்ளிக்கோல்தான். துரதிர்ஷ்டம், அது தலைகீழாக மாட்டப்பட்ட வெள்ளிக்கோல்.

பிடிகயிறு இருக்கும் இடம் இடுப்பருகே உள்ள முதுகெலும்பின் வட்டுகள். பின்பக்கத்தில் முதுகை நிமிர்த்தும் தசைகள் அந்த வட்டுகளிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தொலைவில்தான் இழுக்கின்றன. அது குட்டைக் கை. முன்பக்கம் குனிந்து எடுக்கும் மூட்டையின் நடு, உடம்போடு எவ்வளவு அணைத்தாலும், ஏறத்தாழ ஒரு முழம் தள்ளி நிற்கிறது. அது நெட்டைக் கை. 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 20 கிலோவைச் சமன்செய்யத் தசை 160 கிலோ விசையில் இழுக்க வேண்டும். 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 400 கிலோ. குனிந்த உடம்பின் எடை இதில் சேரவில்லை. தசை இழுக்கும் விசை முழுவதும் வட்டுகளை நசுக்கும் விசையாகத்தான் இறங்குகிறது. வட்டின் மேல் இறங்கும் அழுத்தம் 3,400 நியூட்டனைத் தாண்டினால் ஆபத்து கூடத் தொடங்குகிறது என்பது நியோஷ் வைத்த எல்லை. கிலோக் கணக்கில் அது 350க்குச் சற்றுக் குறைவு.

தலைச்சுமையின் அருமை இங்கேதான் தெரிகிறது. மூட்டை தலைக்கு ஏறிவிட்டால் நெட்டைக் கை மறைந்துவிடுகிறது. எடை முதுகெலும்பின் நேர்கோட்டில் இறங்குகிறது. இருவர் தூக்கிவிட மூன்றாமவர் தலையில் வாங்கிக்கொள்ளும் வழக்கம், படிக்காத மேதைகள் போட்ட பௌதிகக் கணக்கு. கென்யாவின் லுவோ, கிகுயு பெண்களை வைத்து 1986இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் சுமந்தாலும் அவர்கள் கூடுதல் ஆற்றலைச் செலவழிப்பதில்லை என்று கண்டது. நேபாளச் சுமைக்காரர்களை 2005இல் அளந்தபோது ஆண்கள் சராசரியாக உடல் எடையில் 93 விழுக்காடும் பெண்கள் 66 விழுக்காடும் சுமந்து மலை ஏறியது தெரியவந்தது. அங்கே நெற்றிப்பட்டை, இங்கே சும்மாடு. கழுத்து விலை கொடுக்கிறது என்பதை மறைக்க முடியாது. ஆனால் இடுப்பை ஒடிப்பது நடை அல்ல. ஏற்றும் நொடியும் இறக்கும் நொடியும்தான் ஒடிக்கின்றன.

இந்த நொடிகளைக் குறிவைத்துத்தான் புதிய கருவிகள் வந்திருக்கின்றன. நண்டுக்கும் வண்டுக்கும் ஓடு வெளியே இருப்பதுபோல மனிதனுக்கும் வெளியே ஒரு எலும்புக்கூடு என்ற எண்ணத்தில் அவற்றுக்கு எக்ஸோஸ்கெலிட்டன் என்று பெயர்; தமிழில் புறச்சட்டகம் எனலாம். எண்ணம் பழையது. ரஷ்யாவின் நிக்கோலஸ் யாக்ன் 1890இலேயே, ஓடவும் தாவவும் உதவும் வில் பூட்டிய ஒரு சட்டகத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். 1965இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் ‘ஹார்டிமேன்’ என்ற இயந்திர உடையைச் செய்யத் தொடங்கியது. சுமார் 680 கிலோ தூக்கக்கூடிய மனிதனை உருவாக்குவது திட்டம். உடையின் எடையும் சுமார் 680 கிலோதான். கடைசிவரை அதன் ஒரு கை மட்டுமே ஒழுங்காக வேலைசெய்தது; முழு உடையையும் இயக்கினால் அது கட்டுக்கடங்காமல் உதறியது. யானையைத் தூக்க யானையையே அணிந்துகொள்ளச் சொன்ன கதை.

இன்றைய கருவிகள் அடக்கமானவை. ஒரு வகையில் மோட்டாரும் இல்லை, பேட்டரியும் இல்லை. தோளில் புத்தகப்பை வார் போல ஒன்று, தொடையில் ஒரு பட்டை, இரண்டையும் முதுகுவழியே இணைக்கும் ரப்பர் அல்லது வில்கம்பி. குனியும்போது ரப்பர் நீள்கிறது, நிமிரும்போது அந்த இழுப்பைத் திருப்பித் தருகிறது. உண்டிவில் அடித்துப் பழகியவருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். நெதர்லாந்தின் லேவோ, அமெரிக்காவில் வான்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்விலிருந்து பிறந்த ஹீரோவேர் போன்றவை இந்த வகை. இன்னொரு வகைக்கு வெளி விசை உண்டு. ஜப்பானில் சைபர்டைன் நிறுவனத்தின் ஹால் தசையின் மின்குறிப்பைப் படித்து மோட்டாரை ஓட்டுகிறது. தோக்கியோ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஹிரோஷி கோபயாஷி உருவாக்கிய ‘மசில் சூட்’ காற்றடைத்த ரப்பர்க் குழாயைத் தசையாக்குகிறது. சைக்கிளுக்கு அடிப்பதுபோலக் கைப்பம்பால் காற்றடித்துக்கொள்ளலாம்.

இவை பெல்ட்டிலிருந்து வேறுபடும் இடம் நுட்பமானது. பெல்ட் வயிற்றை இறுக்குகிறது, அவ்வளவே. புறச்சட்டகத்தின் ரப்பரோ முதுகுத் தசையின் வேலையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. அது தோலுக்கு வெளியே ஓடுவதால் வட்டுகளிலிருந்து தசையைவிடத் தள்ளி நிற்கிறது. வெள்ளிக்கோலின் குட்டைக் கை சற்று நீள்கிறது. குறைந்த இழுப்பில் அதே சமன் கிடைக்கும், வட்டும் அந்த அளவுக்கு நசுங்காது. 2016இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, விசையற்ற சட்டகங்கள் முதுகுத் தசையின் உழைப்பை 10 முதல் 40 விழுக்காடு வரை குறைப்பதாகக் கணித்தது. ஆய்வுக்கூடத்தில் சில மணிநேரம் அளந்த கணக்கு அது. ஆனாலும் பெல்ட்டுக்குக் கிடைக்காத மதிப்பெண்.

இந்த இடத்தில் நம்மூர்ப் பக்கத்துக் கதை ஒன்று. பாரதப்புழைக் கரையில், பாலக்காட்டு எல்லைக்கு அப்பால் அதிகத் தொலைவில்லாத குற்றிப்புரத்தில், எம்.இ.எஸ். பொறியியல் கல்லூரி மாணவர்கள் சிலர் படிக்கும் காலத்திலேயே ஒரு புறச்சட்டகத்தைக் கட்டினார்கள். அவர்களே பின்னால் ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிய இரண்டு தொழிலாளர்களும், அவர்களைக் காப்பாற்ற இறங்கிய ஓர் ஆட்டோ ஓட்டுநரும் மூச்சடைத்து இறந்தார்கள். அதற்குப் பிறகு இந்த இளைஞர்களின் கவனம் திரும்பியது. 2018இல் திருவனந்தபுரத்தில் அவர்களுடைய ‘பண்டிகூட்’ இயந்திரம் சாக்கடைக் குழிக்குள் இறங்கியது. மனிதனுக்கு உடுத்தும் இயந்திரத்தில் தொடங்கியவர்கள், மனிதன் இறங்கவே வேண்டாத இயந்திரத்தில் வந்து நின்றார்கள். அந்தத் திருப்பத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அட்டப்பாடியின் அகளிக்கு வரலாம்.

அட்டப்பாடி 745 சதுர கிலோமீட்டர்; 192 பழங்குடி ஊர்கள். இருளர், முடுகர், குறும்பர் மொழிகளோடு தமிழும் மலையாளமும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நாடு. இங்கிருந்து நேந்திரன் தார்களும் தேங்காயும் பாக்கும் துவரையும் இறங்குகின்றன. மேற்கே சுரம் வழியாக மண்ணார்க்காட்டுக்கு, கிழக்கே ஆனைகட்டி வழியாகக் கோவைக்கு. எதிர்த்திசையில் அரிசியும் சிமெண்டும் உரமும் மாட்டுத்தீவனமும் ஏறிவருகின்றன. அகளிக்குப் பக்கத்திலேயே தாவளம் என்று ஓர் ஊர். தாவளம் என்றால் தங்குமிடம். இலங்கையில் பொதிமாட்டுக் கூட்டத்துக்குத் தவளம் என்றே பெயர் இருந்தது. சுமையை இறக்கி, மாட்டுக்கும் ஆளுக்கும் மூச்சுவிட இடம் கொடுத்தது அந்தச் சொல்.

கேரளத்தில் சுமை சட்டத்துக்குள் வந்தது 1978ஆம் ஆண்டு. சுமட்டுத்தொழிலாளர் சட்டம் அவ்வாண்டு நிறைவேறியது. அதன் வழியே பதிவு, அடையாள அட்டை, கூலி விகிதம், நலவாரியம் எல்லாம் வந்தன. தமிழ்நாட்டிலிருந்து வருகிற வியாபாரிக்குக் கேரளத்துச் சுமட்டுத்தொழிலாளி என்றதும் நினைவுக்கு வருவது நோக்குகூலி, அதாவது கை வைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கூலி. அது 2018 மே 1 முதல் ஒழிக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. 2021 டிசம்பரில் அது தொடர்பான வழக்கை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி தேவன் ராமச்சந்திரன், தலைச்சுமை வேலையே கடந்த காலத்தின் எச்சம், இயந்திரம் செய்ய வேண்டியதை மனிதன் செய்யக்கூடாது என்ற பொருளில் பேசினார். நோக்குகூலியைத் திட்டுவது எளிது. அந்தச் சங்கங்கள் இல்லாவிட்டால் மூட்டையின் எடையைப் பற்றிப் பேச ஆள் இருந்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

மூட்டையின் எடைதான் இந்த உரையின் நடுப்புள்ளி. ஓர் ஆள் தூக்கக்கூடிய உச்சம் 75 கிலோ என்றிருந்ததை 55 கிலோவாகவும், பெண்களுக்கு 35 கிலோவாகவும் குறைக்கக் கேரள அமைச்சரவை முடிவெடுத்தது. 55 என்ற எண் வானத்திலிருந்து விழவில்லை. பன்னாட்டுத் தொழில் அமைப்பு 1967இல் கொண்டுவந்த 127ஆம் உடன்படிக்கையோடு வந்த பரிந்துரையில், வளர்ந்த ஆணுக்கு அந்த எல்லை இருந்தது. இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்றது 2010இல். 43 ஆண்டுகள்!

சில நேரம் முதுகுக்கு நல்லது வேறு காரணத்தால் நடக்கிறது. 2018இல் யூரியா மூட்டை 50 கிலோவிலிருந்து 45 கிலோவானது. விவசாயி மூட்டைக் கணக்கில் உரம் போடுகிறவர். மூட்டை சிறுத்தால் உரமும் குறையும் என்பது அரசின் எண்ணம். லாரியில் ஏற்றுகிறவரின் இடுப்பை யாரும் நினைக்கவில்லை. நினைக்காமலேயே ஒவ்வொரு தூக்கலுக்கும் 5 கிலோ குறைந்தது.

அமைச்சரவை முடிவுசெய்த 55க்கும் அறிவியல் சொல்லும் எண்ணுக்கும் இடையே பெரிய பள்ளம் இருக்கிறது. நியோஷின் தூக்கல் சூத்திரம், எல்லாம் வசதியாக அமைந்தால்கூட ஒருவர் தூக்க ஏற்ற எடை 23 கிலோ என்கிறது. வசதி என்றால், மூட்டை உடம்பிலிருந்து 25 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில், தொங்கவிட்ட கையின் விரல்முட்டி படும் மட்டத்தில் இருக்க வேண்டும். அதே மூட்டை தரையில் கிடந்தால் 23 ஏறத்தாழ 18 ஆகிறது. தரையில் கிடப்பதோடு அரை மீட்டர் தள்ளியும் இருந்தால் 9 ஆகச் சுருங்குகிறது. அடிக்கடி தூக்கினால், உடம்பைத் திருப்பித் தூக்கினால், இன்னும் கீழே போகும்.

இந்தக் கணக்கைப் புறச்சட்டகத்தின் கணக்கோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 50 கிலோ மூட்டைக்கு முதுகுத்தசை இழுக்கும் விசை 400 கிலோ என்றோம். நல்ல கருவி ஒன்று ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டால் 320 ஆகும். மூட்டையைப் பாதியாக்கினால் 200. கருவிக்கு ஆளுக்கு ஒன்று வேண்டும், துவைக்க வேண்டும், ரப்பர் தளர்ந்தால் மாற்ற வேண்டும். சிறிய மூட்டைக்குத் தேவை சிறிய சாக்கு. இதில் ஏமாற்று இல்லாமலும் இல்லை: மூட்டை சிறுத்தால் ‘இரண்டாகச் சேர்த்துத் தூக்கு’ என்பார்கள், சில இளைஞர்கள் வீம்புக்குத் தூக்கவும் செய்வார்கள். ஆனாலும் கணக்கு கணக்குதான்.

தூக்கும் உயரத்தைப் பற்றிப் பேசியதும் நினைவுக்கு வர வேண்டியது சுமைதாங்கிக் கல். இரண்டு கற்றூண்களை நட்டு, மேலே ஒரு பலகைக்கல்லைப் படுக்கவைத்த அந்த எளிய கட்டடத்தைத் தமிழ்நாட்டுப் பெருவழிகளில் இன்றும் காணலாம். கேரளத்தில் அது சுமடுதாங்கி. அத்தாணி என்றும் பெயர். நெடும்பாசேரிக்கு அருகிலும் திருச்சூருக்கு அருகிலும் அத்தாணி என்றே ஊர்கள் இருக்கின்றன. தலைச்சுமைக்காரர் கல்லருகே வந்து, குனியாமல், யார் உதவியும் இல்லாமல் சுமையைப் பலகைக்குத் தள்ளிவிட்டு இளைப்பாறுவார். திரும்ப ஏற்றவும் ஆள் தேட வேண்டாம். அதன் உயரத்தைத் தீர்மானித்தது நிற்கிற மனிதனின் உடம்பு. தூக்கும் நொடி, இறக்கும் நொடி என்று ஆய்வுக்கூடங்கள் இன்று அளக்கிற இரண்டையும் அந்தக் கல் ஒரே அடியில் எடுத்துவிட்டது.

தமிழ்நாட்டில் கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்களின் நினைவாகச் சுமைதாங்கி நடும் வழக்கம் உண்டு. வயிற்றுச் சுமையை இறக்காமலே போனவளுக்காக வழிப்போக்கனின் சுமையை இறக்க ஒரு கல். அட்டப்பாடியில் இதைச் சொல்லும்போது நாக்கு தடுமாறுகிறது. 2022 டிசம்பரில் கடுகுமண்ணா ஊரிலிருந்து ஒரு கர்ப்பிணியைத் துணிமஞ்சலில் கிடத்தி, ஆம்புலன்ஸ் நிற்கும் இடம்வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் இரவில் தூக்கிவந்தார்கள். மஞ்சலின் கம்பைத் தோளில் வாங்கியவர்களுக்கு எந்த நாட்டின் கருவியும் உதவியிருக்காது. வழியில் கல்லும் இல்லை, சாலையும் இல்லை.

மலையில் சுமையை உடம்பிலிருந்து கழற்றிய வரலாறு இடுக்கியில் இன்னும் விரிவாகக் கிடைக்கிறது. மூணாற்றுத் தேயிலைப் பெட்டிகள் ஒரு காலத்தில் தலைச்சுமையாகத்தான் போடி பக்கம் இறங்கின. 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். 1908இல் அது சிறு ரயிலானது. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் பெட்டிகள் தொங்கி இறங்கின. 1924 வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. பெட்டிக்குக் கிடைத்த இந்த மரியாதை கொழுந்துக்குக் கிடைக்கவில்லை. செடியிலிருந்து நிறுவைக்களம் வரை அது பெண்ணின் தலையிலும் முதுகிலும்தான் வந்தது.

2015 செப்டம்பரில் மூணாற்றில் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் திரண்ட தமிழ்ப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுங்கச் சொல்லிவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். போனஸை 20 விழுக்காட்டிலிருந்து பாதியாகக் குறைத்தது உடனடிக் காரணம். ஒன்பது நாளில் அந்த 20ஐ வாங்கினார்கள். அப்போது செய்தியாளர்களிடம் அவர்கள் பேசியது பணத்தை மட்டும் அல்ல. கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துச் சரிவில் நடப்பதையும், இடுப்புவலியையும், கருப்பைக் கோளாறுகளையும் பேசினார்கள். சுமை ஒரு மருத்துவப் பிரச்சினை என்று கேரளத்துக்கு உரக்கச் சொன்னவர்கள் நீலச் சட்டை போட்ட சுமட்டுத்தொழிலாளர்கள் அல்லர், கொழுந்தெடுக்கும் பெண்கள்.

இடுக்கியில் இன்னொரு முதுகும் இருக்கிறது. விடியுமுன் கம்பம், போடி பக்கத்து ஊர்களிலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, குமுளி, வண்டன்மேட்டு ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்கள். ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளரும். காயோ அடித்தூரிலிருந்து தரையோடு ஓடும் சரத்தில் காய்க்கிறது. பழுத்த காயை மட்டும் தேர்ந்தெடுக்க, செடிக்குச் செடி குனிந்தோ குந்தியோ நாள் முழுதும் நகர வேண்டும். கையில் கனம் எதுவும் இல்லை. ஆனால் வெள்ளிக்கோலின் நெட்டைக் கையில் இப்போது தொங்குவது அவர்களுடைய மேலுடம்பு. இறக்கிவைக்க முடியாத மூட்டை.

புறச்சட்டகத்துக்கு உண்மையான வேலை இங்கேதான். சிமெண்ட் மூட்டையைச் சிறிதாக்கலாம், லாரிக்குச் சாய்பலகை போடலாம், பாரந்தூக்கி வாங்கலாம். ஏலக்காயை இடுப்புயரத்தில் காய்க்கவைக்க முடியாது. தூக்காமல் நெடுநேரம் குனிந்தே நிற்கும் வேலையில் ரப்பர்ச் சட்டகம் மேலுடம்பின் எடையில் ஒரு பங்கைத் தொடைக்கு மாற்றுகிறது. கோட்டத்தறைப் பழங்குடியினர் மருத்துவமனை போன்ற இடங்களில் நோயாளியைப் புரட்டி, தூக்கி, மாற்றிக் கிடத்தும் செவிலியருக்கும் இது பொருந்தும். ஆனால் இந்தக் கருவிகளின் பிறந்தவீடான ஜப்பானில்கூட அரசு 2013இல் திருத்திய முதுகுவலித் தடுப்பு வழிகாட்டி முதலில் சொல்வது, நோயாளியைக் கைவலுவால் தூக்கக்கூடாது என்பதைத்தான். தூக்கியந்திரமும் நழுவுபலகையும் முதலில்.

வாங்குவது என்று முடிவானால், விற்பவரிடம் கேட்க வேண்டியவை சில. தொடைப்பட்டை எதன்மேல் கட்டும்? இந்தக் கருவிகளுக்கு அளவு கொடுத்த ஆண்கள் கால்சட்டை போட்டவர்கள். கூளிக்கடவில் மடித்துக்கட்டிய கைலியும் வண்டன்மேட்டில் சேலைமேல் ஆண்சட்டையும்தான் வேலையுடை. கைலியின்மேல் கட்டிய பட்டை இரண்டு குனிவுக்குள் நழுவிவிடும். சேலைக்கோ தொடை என்ற இடமே தனியாகக் கிடையாது. இதைச் சிரிப்பாகச் சொல்லலாம், ஆனால் கருவி மூலையில் கிடக்கப்போவது இதனால்தான். அடுத்தது வெயில். வேனிலில் கேரளத் தொழிலாளர் துறை நண்பகல் 12 மணிமுதல் 3 மணிவரை வெயில் வேலைக்கு ஓய்வு அறிவிக்கும் மாநிலம் இது; பாலக்காடு 40 டிகிரியைத் தாண்டும் மாவட்டம். வியர்த்த முதுகின்மேல் ஒரு சட்டகத்தை எட்டு மணிநேரம் யார் போடுவார்? விலையும் இருக்கிறது. மசில் சூட்டின் ஒரு மாதிரி ஜப்பானில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் யென்னுக்கு விற்றது. நம் கணக்கில் எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல். பதிவுபெற்றவருக்கு நலவாரியம் உதவ முடியும். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து பதிவின்றி மூட்டை தூக்குகிறவருக்கு அந்தக் கதவு இல்லை.

இன்னொன்று, யாரும் விளம்பரத்தில் போடாதது. கருவி வந்ததும் ‘அதுதான் மாட்டியிருக்கிறாயே, இன்னும் பத்து மூட்டை ஏற்று’ என்று சொல்லும் வாய் ஒன்று எப்போதும் இருக்கும். முதுகுக்குக் கிடைத்த ஐந்தில் ஒரு பங்கு இப்படி லாரிக்காரர் கணக்குக்குப் போய்விடும். எனவே எத்தனை மூட்டை, எவ்வளவு எடை என்பது எழுத்தில் வந்த பிறகே கருவி வர வேண்டும். சங்கங்கள் பேரம்பேச வேண்டிய வரிசை அது.

கடைசியாக, செலவில்லாத ஒரு விஷயம். பழைய மளிகைக்கடைகளுக்குத் திண்ணை இருந்தது. இரண்டரை அடி உயரம், கிட்டத்தட்ட அந்த 75 சென்டிமீட்டர். மூட்டை திண்ணையில் இறங்கும், திண்ணையிலிருந்து ஏறும். இப்போது கட்டும் கடைகளில் ஷட்டர் தரையோடு இறங்குகிறது, இருசக்கர வண்டி நேரே உள்ளே போகிறது, மூட்டைகள் சிமெண்ட் தரையில் கிடக்கின்றன. மலைப்பக்கச் சிற்றூர்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திண்ணைக்கடைகள் மிஞ்சியிருக்கின்றன. அப்படி ஒரு கடைக்குச் சரக்கு எடுக்க வருகிற தொழிலாளி திண்ணைக்கு முதுகைக் காட்டி நிற்கிறார், கடைப்பையன் மூட்டையை நெருக்கித் தள்ளுகிறான், அவர் சற்றே முன்சாய்ந்து தோளில் வாங்கிக்கொண்டு நடக்கிறார். துண்டு தோளிலேயே கிடக்கிறது. அதை எடுத்து இடுப்பில் கட்ட அவருக்குத் தோன்றவில்லை.